மூடியின் மேல் ஒரு பெருக்கல் குறி

கேட்லோ கம்பெனியின் வரலாற்றை எழுத ஆள் தேடியபோது என்னைத்தான் பிடித்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதிப் பேருக்குக் காது கேட்காது. நான், பெரில் ஆஸ்பினால், அறுபத்தேழு வயதிலும் கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறவள். தட்டச்சும் தெரியும். எங்கள் ரோவென்ஷா ஊரின் வரலாற்றுச் சங்கத் தலைவர் கிளிஃபர்ட் ஹோவர்த் ஒரு நாள் நூலக வாசலில் என்னை மடக்கினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல ஆரம்பிச்ச கம்பெனி. இந்த வருஷம் நூறு. நூறு பக்கத்துல ஒரு புத்தகம் போட்டுடலாம்னு இருக்கோம். நீங்கதான் எழுதணும்."

"கம்பெனியை மூடி இருபத்தேழு வருஷம் ஆச்சு. இல்லாத கம்பெனிக்கு எதுக்குங்க நூற்றாண்டு விழா?"

"செத்துப்போனவங்களுக்கும் பிறந்தநாள் வருதே, என்ன செய்ய?" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது அவர் கணக்கு. அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோது கடகடவென்றுதான் வந்தது. ஜேபெஸ் கேட்லோ ஒரு நெசவாலையின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, துணி பிழியும் மர உருளைகள் செய்ய ஆரம்பித்தார். அவர் மனைவியின் விரல் வேறு யாரோ செய்த உருளையில் நசுங்கியதாகவும், கண்ணீரோடு அவர் தடுப்புக் கட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததாகவும் கம்பெனி விளம்பரத்தில் போடுவார்கள். சுத்தப் புளுகு. அந்த அம்மாவுக்குக் கடைசிவரை பத்து விரலும் ஒழுங்காக இருந்தன, மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் போரில் குண்டுகளுக்குப் பெட்டி செய்தார்கள். இரண்டாம் போரில் பெட்ரோல் தகர டின் செய்தார்கள். பிறகு மகன் காலத்தில் மின்சாரம் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. இரட்டைத் தொட்டி வைத்த 'டச்சஸ்' வந்த பிறகு கம்பெனியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு தொட்டியில் துவைக்கும், பக்கத்துத் தொட்டியில் சுற்றிப் பிழியும். எங்கள் வட்டாரத்தில் கல்யாணமாகிற பெண்ணுக்கு மோதிரம் இல்லாவிட்டாலும் டச்சஸ் வேண்டும். எழுபதுகளில் இத்தாலிக்காரன் பாதி விலையில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். எண்பத்தொன்றில் கேட்டைப் பூட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் பெரிய மளிகைக் கடை. நான் நின்று வேலை பார்த்த சோதனை அறை இருந்த இடத்தில் காலிஃப்ளவர் விற்கிறார்கள்.

இத்தனையையும் இரண்டு மாதத்தில் எழுதி முடித்தேன். ஆறாவது அத்தியாயத்தில் ஒரு வரி மட்டும் இப்படி இருந்தது: '1963இல் சோதனையாளர் ஒருவரின் மறதியால் விபத்து ஒன்று நேர்ந்தது.' பெயர் போடவில்லை. பெயர் போடாமல் விட்டது என் பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நோரீன் வந்தாள்.

நோரீன் கிளெக் என் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருப்பவள். பதினாறு வயதில் இரண்டு பேரும் ஒரே நாளில் கேட்லோவில் சேர்ந்தோம். அந்தச் சோதனையாளர் அவள்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், நாகரிகம் கருதி யாரும் பேசுவதில்லை. செவ்வாய் தோறும் தேநீருக்கு வருவாள், போன வாரத்துச் செய்தியை அலசுவோம், போய்விடுவாள். அன்றைக்குக் கோட்டைக் கழற்றாமலே ஒரு உறையை மேசைமேல் வைத்தாள்.

"இதைப் படிச்சுப் பாரு. எழுத்துப் பிழை இருந்தா திருத்திடு. நீ படிச்சவ."

"நீயும் நானும் ஒரே வகுப்புதானடி."

"நீ முன் பெஞ்சு. படி முதல்ல."

கோடு போட்ட தாளில் நிதானமாக எழுதியிருந்தாள். எத்தனை தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு எழுதினாளோ, ஒரு அடித்தல் இல்லை.

'என் பெயர் நோரீன் கிளெக். கேட்லோ கம்பெனியின் சோதனை அறையில் பதினான்காம் எண் முத்திரை என்னுடையது. 1963 ஜூலை ஐந்தாம் தேதி, பழுதான ஒரு மெஷின்மேல் குறி போட மறந்துவிட்டேன். அதனால் பிரெஸ்டனில் திருமதி ஹில்டா விண்டில் என்பவருக்கு ஷாக் அடித்து வலது கை விளங்காமல் போயிற்று. அன்றைக்கு அவசரம் எல்லோருக்கும் இருந்தது. மறந்தவள் நான் மட்டும். அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

தாளை மடித்து உறைமேல் வைத்தேன்.

"இது எதுக்கு நோரீன் இப்போ? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. புத்தகம் போடுறீங்கல்ல, அதுல இருக்கட்டும். கம்பெனி செஞ்ச நல்லதெல்லாம் எழுதுவே. நான் செஞ்சதையும் எழுதணுமில்ல?"

"பேரு போட வேணாம். நான் ஒரு வரி எழுதியிருக்கேன், போதும்."

"'யாரோ ஒருத்தி'ன்னு எழுதியிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை? என்னைக் காப்பாத்தறதே உனக்குப் பொழப்பாப் போச்சு." என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அந்த அம்மா செத்துப்போயிட்டாங்களாம், போன மாசம் பேப்பர்ல வந்துச்சு. பேத்தியெல்லாம் இருக்காங்களாம். அந்தப் புள்ளைங்களாவது படிக்கட்டும். பண்ணினவ ஒளிஞ்சுக்கலைன்னு தெரியட்டும்."

'பண்ணினவ ஒளிஞ்சுக்கலை.' என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து தேநீர்க் கெண்டியில் தண்ணீர் நிரப்பப் போனேன். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

அவள் போன பிறகு அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஊர் சரி, தேதி சரி, அந்த அம்மாவின் கை சரி. மறந்தவள் என்பது பொய். அது பொய் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சோதனை அறையில் பதினோரு பெண்கள். ஒவ்வொரு மெஷினையும் மீட்டரில் மாட்டி மின்சாரம் வெளியே கசிகிறதா என்று பார்ப்போம். முள் அசையாமல் நின்றால் தேறியது. அப்போதுதான் அதன் அட்டையில் அவரவர் எண் முத்திரையைக் குத்த வேண்டும். இது சட்டம். வழக்கம் வேறு. மெஷினில் எப்போதும் தண்ணீர் சொட்டும், ஈரக் கையோடு மையைத் தொட்டால் அட்டை பாழாகும், மேற்பார்வையாளர் கத்துவார். அதனால் காலையில் வந்ததும் அன்றைய அட்டை எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் முத்திரையைக் குத்தி, மெஷின்களில் மாட்டிவிடுவோம். சோதனையில் தேறாத மெஷினின் மூடிமேல் சாக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு மூலைக்குத் தள்ளுவோம். ஆக, அட்டையை யாரும் நம்புவதில்லை. சாக்கட்டியைத்தான் நம்புவோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், அதனால் அது தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை முதல் வெள்ளி எங்கள் ஊருக்குப் பெரிய நாள். அன்று மத்தியானத்திலிருந்து இரண்டு வாரம் ஊரே அடைத்துவிடும். ஆலை, தொழிற்சாலை, முடிவெட்டும் கடைகூட. மொத்த ஊரும் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் 'முடித்தால் போகலாம்' என்று கணக்கு. லாரியில் தொண்ணூறு மெஷின் ஏறிவிட்டால் பெண்கள் போகலாம், அதற்கு முன்னால் சங்கு ஊதினாலும் நகரக் கூடாது. எங்கள் மேற்பார்வையாளர் நட்டர் கேட்டருகே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு மணிக்குக் கிளம்பும் பஸ். அதில் கென் உட்கார்ந்திருந்தான்.

கென் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தவன். மோதிரம் வாங்கியிருக்கிறான், பிளாக்பூலில் வைத்துக் கேட்கப்போகிறான் என்று அவன் தங்கை புதன்கிழமையே என் காதில் போட்டுவிட்டாள். புதன் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரிசைப் பொறுப்பு என்னுடையது. எண்ணிப் பார்த்து லாரிக்கு அனுப்ப வேண்டியவள் நான். எண்பத்தொன்பது இருந்தது. ஒன்று குறைந்தது. பெண்களெல்லாம் உடை மாற்றப் போய்விட்டார்கள், நோரீனும்தான். மூலையில் ஒரே ஒரு மெஷின் நின்றது. பதினான்காம் எண் அட்டை. மூடி முழுக்கப் பெருக்கல் குறி, நோரீன் போடுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

நட்டர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "பெரில், என்ன ஆச்சு? டிரைவர் கிளம்பணுங்கிறான்."

"ஒரு நிமிஷங்க, இதோ வந்துட்டேன்."

நோரீன் எதற்கெடுத்தாலும் குறி போடுவாள் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. முள் மூச்சு விட்டால்கூட ஒதுக்கிவிடுவாள் என்போம். அந்தக் கேலியை அப்போது நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறுபடி மீட்டரில் மாட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே. ஈரத் துணியை எடுத்து மூடியைத் துடைத்தேன். ஒரு முறை துடைத்தால் வெள்ளையாகத் தீற்றல் நின்றது. இரண்டாம் முறை பளிச்சென்று ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் லாரிக்காரனிடம் விட்டேன். "தொண்ணூறு" என்றேன்.

பஸ்ஸில் நோரீன் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். கென்னுக்குப் பக்கத்தில். "போய் உக்காருடி, நான் பின்னால இருக்கேன்" என்று கண்ணடித்தாள்.

மறதி இல்லை, தவறுதல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். நாற்பத்தைந்து வருஷமாக இந்த வாக்கியத்தை எனக்குள்ளேகூட இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது மூலை காலியாக இருந்தது. ஒதுக்கிய மெஷினைப் பழுது பார்க்கிறவர்கள் கொண்டுபோவது சாதாரணம், நோரீன் கேட்கவில்லை. செப்டம்பரில் செய்தி வந்தது. விண்டில் அம்மா ஈரத் துணியை எடுக்கக் கையை விட்டிருக்கிறார், எர்த் கம்பி பிடிப்பு விட்டிருந்திருக்கிறது. முப்பத்தொரு வயது. வீட்டில் தையல் தைத்துப் பிழைத்தவர். வலது கை.

மாடியில் அலுவலகத்தில் மூன்று பேர் விசாரித்தார்கள். அட்டையில் பதினான்கு என்று இருந்தது. நோரீன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், நான் குறி போட்டேன் என்று. அப்படியானால் அட்டையில் முத்திரை எப்படி வந்தது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னால் காலையிலேயே முத்திரை குத்துகிற வழக்கம் வெளியே வரும், பதினோரு பேருக்கும் வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள். எங்களுக்காக மூடிக்கொண்டாள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மெஷினில் குறி எதையாவது பார்த்தாயா என்று கேட்டார்கள். "பார்க்கலீங்க" என்றேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை போய் அவள் வெளியே வந்தபோது சைக்கிள் கொட்டகையருகே அழுதுகொண்டு நின்றாள். நான் தோளைக் கட்டிக்கொண்டேன்.

"போட்டேன் பெரில். சத்தியமாப் போட்டேன். மூடிமேல போட்டேன்."

"போட்டதா உனக்குத் தோணும் கண்ணு. அன்னிக்கு எல்லாரும் பறந்துக்கிட்டு இருந்தோம்ல? யாருக்கும் வரும் மறதி. இதுக்குப்போய் உன்னையே தின்னுக்காத."

ஆறுதல் சொன்னேனாம். நட்டர் அவளை நம்பாததை அவள் தாங்கியிருப்பாள், நட்டர் யாரையும் நம்பாதவர். நான் நம்பவில்லை என்றதும்தான் அவளுக்கு ஆட்டம் கண்டது. அக்டோபரில் "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். நவம்பரில் "போட்டேனா பெரில்?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் "நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு அன்றைக்கு மூச்சு வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை.

அப்புறம் அவள் வேறு ஆளாகிவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலைக்குப் போனாள், அடுப்புப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேஸ் குமிழைத் திருகிவிட்டு ஐந்து முறை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்புவாள். வெளியே போகும்போதெல்லாம் "நீ ஒரு தடவை பாத்துடு, என் கண்ணை நம்ப முடியாது" என்பாள். நானும் போய்ப் பார்த்து, "மூடித்தான் இருக்கு, வா" என்பேன். என்னைப் போல ஒரு சிநேகிதி கிடைக்க அவள் கொடுத்து வைத்தவள் என்று தெருவில் சொல்வார்கள். என்னைக் கட்டிக்கொண்ட கென் இரண்டு வருஷம் முன்னால் கண்ணை மூடும்வரை அவனிடம்கூட நான் சொல்லவில்லை. அந்த பஸ்ஸை நான் எப்படிப் பிடித்தேன் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

புதன்கிழமை தட்டச்சு இயந்திரத்தில் தாளை மாட்டி, அவள் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தேன். மூன்று வரி அடித்தேன். அவளே எழுதியிருக்கிறாள், அவளே கேட்கிறாள், போட்டால் அவள் மனசு ஆறும், நீ யார் அதைக் கெடுக்க என்று எனக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டே இருந்தான். நல்ல வக்கீல். நாற்பத்தைந்து வருஷமாக எனக்காக வாதாடித் தோற்காதவன். நான்காவது வரியில் 'மறந்தவள் நான் மட்டும்' என்று அடிக்க வேண்டும். விரல் போகவில்லை. தாளை உருவிக் கசக்கிவிட்டு கிளிஃபர்டுக்கு ஃபோன் செய்தேன்.

"ஆறாவது அத்தியாயம் மாறும்."

"ஐயோ பெரில், வெள்ளிக்கிழமை அச்சகம். எவ்வளவு மாறும்?"

"ஒரு பக்கம்."

"அதுல ஏதாவது வில்லங்கம் உண்டா?"

"எனக்குத்தான் உண்டு. உங்களுக்கு இல்ல" என்று வைத்துவிட்டேன்.

ஒரு பக்கத்தை எழுதினேன். துடைத்த துணிவரை எழுதினேன். ஆனால் ஊர் படிப்பதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மாவுக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட 'பை', வினிகரில் ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். அவளுக்குப் பிடித்தது. கழுத்தை அறுப்பதற்கு முன்னால் விருந்து வைக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"என்ன விசேஷம்? யாராவது பொண்ணு பார்க்க வராங்களா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "என் கடுதாசியை டைப் பண்ணிட்டியா?"

"இல்ல."

"ஏன், அவ்ளோ பிழையா?"

"அதுல இருக்கறது நடந்தது இல்ல நோரீன்."

முட்டைக்கோஸை எடுக்கப் போன கரண்டி நின்றது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

"நீ குறி போட்டே. நான்தான் துடைச்சேன். எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சுது, பஸ் நின்னுக்கிட்டிருந்துது. ஈரத் துணியால துடைச்சு லாரியில ஏத்திட்டேன்."

அடுப்பிலிருந்த கெண்டி கொதித்தது. நான் எழுந்து நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"போட்டேனா?" என்றாள்.

"போட்டே."

"எப்படிப் போட்டிருந்தேன்?"

"பெரிசா. மூடி முழுக்க."

"இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும்?"

"ஆமா."

அவள் மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு அதன் குறுக்கே இன்னொன்று. இழுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கோன்னு கேக்க எனக்கு வாய் வரல" என்றேன். "ஆனா புத்தகத்துல எல்லாத்தையும் எழுதிட்டேன். என் பேரைப் போட்டு. பொய் சொன்னது உட்பட. நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஊரெல்லாம் படிக்கட்டும்."

"ஊரா?" அவள் நிமிர்ந்தாள். "ஊருக்கு நீ சொல்லியே இருக்க வேணாம் பெரில். கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேணாம். உன் வேலை போயிருக்கும், கென் போயிருப்பான், எனக்கும் புரியுது. என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல? நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? அட்டை விஷயத்தையே சொல்லலையே நான்."

ஆமாம், அவள் சொல்லியிருக்கமாட்டாள். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. ஒன்று எல்லோருக்கும் சொல்வது, இல்லாவிட்டால் யாருக்கும் சொல்லாமல் இருப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷ வேலை. அந்தச் சைக்கிள் கொட்டகையருகிலேயே முடிந்திருக்கும்.

"பாலின் ஆஸ்பத்திரியில இருந்தா, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

பாலின் அவளுடைய தங்கை. எழுபத்தொன்றில் புற்றுநோயில் போனவள்.

"இருக்கு."

"சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. சூசனை நீ வச்சுக்கறியா அக்கான்னு. ரெண்டு வயசுப் புள்ள. எனக்குன்னு யாரு இருக்கா, எனக்கு வேணும்னு எவ்ளோ ஆசை தெரியுமா? முடியாதுன்னுட்டேன். அடுப்பை அணைக்க மறந்துடுவேன், கதவைத் திறந்து போட்டுடுவேன், குளிப்பாட்டிக்கிட்டே இருந்துட்டு மறந்து எங்கேயாவது போயிடுவேன். ஒரு மனுஷி கையை எடுத்தவகிட்டப் போயி குழந்தையைக் குடுக்கலாமான்னு சொல்லிட்டேன். அந்தப் புள்ளையோட அப்பா வீட்டு ஆளுங்க ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இப்போ தெருவுல எதிர்ல வந்தா அவளை எனக்கு அடையாளம் தெரியாது."

"நோரீன்..."

"இரு, முடிக்கல. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தோம். நான் உன்னைக் கேட்டேன். நான் மாட்டேன்னு சொன்னது சரியா பெரில்னு கேட்டேன். நீ யோசிச்சே. அப்புறம் சொன்னே, 'சரிதான், உன்னால முடியாது, எதுக்கு வம்பு'ன்னு."

நான் யோசித்துப் பார்த்தேன். வராந்தா நினைவுக்கு வந்தது. பாலின் முகம் வந்தது. அந்த வார்த்தை வரவில்லை. எவ்வளவு தேடியும் அது எனக்குள் எங்கேயும் இல்லை.

"அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்ல நோரீன்."

"எனக்கு இருக்கு" என்றாள்.